பக்கத்து நாற்காலியின் ரத்தம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஆறிவிடும். ஆனால் எண் என்றால் தடங்கல் கிடையாது. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் என் மகனை ஆளாக்கினேன். எண் தெரியாதவள் மாவு வியாபாரம் பண்ண முடியாது. ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுத்த ரத்தப் பரிசோதனைக் காகிதம் முழுக்க இங்கிலீஷாக இருந்தாலும் எனக்கு வேண்டியதை நானே பார்த்துக்கொண்டேன். மேலே முதல் வரி ஹீமோகுளோபின் என்று நர்ஸ் ஒரு தடவை விரல் வைத்துக் காட்டினாள். அது போதும். அதற்கு நேராக இருக்கும் எண்ணுக்காக நான் ஒருத்தியின் மேல் பட்ட பொறாமையைத்தான் சொல்கிறேன். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

இடது மார்பில் கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ என்றார்கள். அதற்காக அங்கேயே படுக்க வேண்டியதில்லை. காலையில் போய், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, டிரிப்ஸில் மருந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. இரண்டாவது மாடியில் நீளமான அறை. இரண்டு பக்கமும் சலூனில் போட்டிருப்பது போல சாய்வு நாற்காலிகள். மருந்து ஏற்றும் முன் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் போதவில்லை என்றால் அன்றைக்கு மருந்து கிடையாது.

"மருந்து நாள் தவறாம போகணும்மா. தள்ளித் தள்ளிப் போனா நோய்க்கு நாமே நேரம் குடுத்த மாதிரி ஆயிடும்" என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதனால் அந்த அறையில் எல்லாருடைய கவலையும் அந்த எண்தான். வெளியே ஜனங்கள் சாப்பிட்டாயா என்று கேட்பது போல அங்கே ஒருவரையொருவர் "எவ்ளோ வந்திருக்கு?" என்று கேட்டுக்கொள்வார்கள். தமிழோ கன்னடமோ, இந்தக் கேள்வியில் பேதம் இல்லை. பதினொன்று என்றால் முகம் மலரும். எட்டு என்றால் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு உச்சுக்கொட்டல் பிடிக்காது. என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியதில்லை. என் வீட்டுக்காரர் செத்த மறுவாரமே கடையைத் திறந்தவள் நான்.

முதல் நாள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் மல்லேஸ்வரத்துக்காரி. எனக்கும் அவளுக்கும் ஒரே நோய், ஒரே மாதத்தில் ஆபரேஷன், ஒரே மருந்து. மருந்து சிவப்பாக இருந்தது. முதலில் அதை ரத்தம் என்றே நினைத்தேன். அவளும் அப்படியே நினைத்தாளாம். இப்படி எல்லாமே ஒன்றாக இருந்ததால்தான் வித்தியாசங்கள் என் கண்ணை உறுத்தின என்று நினைக்கிறேன்.

அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவள் ஆதார் அட்டையை எடுத்து நர்ஸிடம் நீட்டியபோது அதில் அவள் பிறந்த வருஷத்தைப் பார்த்துவிட்டேன். இருந்தும் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டாள். நர்ஸ் அவளை மேடம் என்பாள். என்னை அஜ்ஜி என்பாள், கன்னடத்தில் பாட்டி. அவளோடு அவள் கணவர் வருவார். மெலிந்த மனுஷர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு மருந்து ஏறும் நேரமெல்லாம் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பார். சுளையின் மேல் இருக்கும் வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுப்பார். எடுத்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பார். நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்.

"உங்களுக்கு எவ்ளோ அக்கா?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"பன்னெண்டு" என்றேன்.

"பரவாயில்லையே. எனக்குப் பதினொண்ணுதான்."

அந்த ஒரு நாள் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

இரண்டாவது தடவை எனக்கு ஒன்பதரை. அவளுக்கு அதே பதினொன்று. மறுநாளே என் மகன் வீட்டுக்குக் காய்கறி கொண்டுவந்து கொட்டினான், பீட்ரூட்டும் முருங்கைக்கீரையுமாக. அவன் ஒயிட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டுகிறான். வண்டியில் ஏறுகிற பெண்களிடமெல்லாம் ரத்தம் ஊறுவதற்கு வழி கேட்டுவைத்திருந்தான். ஒருத்தி சொன்னது அத்திப்பழம். இன்னொருத்தி மாதுளை. ஸ்டாண்டில் இருக்கும் டிரைவர்கள் சொன்னது சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல். அதைத்தான் நான் நம்பினேன். எங்கள் பக்கத்தில் பிரசவித்தவளுக்கு அதைத்தான் வாட்டிக் கொடுப்பார்கள். மார்க்கெட்டில் கறிக்கடைக்காரர் எனக்காகவே எடுத்துவைப்பார். கீமோ போட்ட வாய்க்கு எதுவும் பிடிக்காது, தண்ணீர்கூட இரும்பைச் சப்பியது போல இருக்கும். இருந்தும் மிளகு போட்டு வாட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். என் மருமகள் அடுப்பை எனக்கு விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வாள், அவளுக்கு அந்த வாடை ஆகாது.

மூன்றாவது தடவை காகிதத்தை வாங்கிப் பார்த்தால் எட்டு.

மல்லேஸ்வரத்துக்காரி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, ஏன் அக்கா இப்படி இறங்குது? ஒழுங்கா சாப்பிடறதில்லையா?"

"நீ இன்னா சாப்பிடறே?" என்று கேட்டேன். நீ என்றுதான் வாயில் வந்தது.

"நானா? எனக்கு வாயில ஒண்ணும் வைக்க முடியல. ரசஞ்சாதம் ரெண்டு கரண்டி. பால்ல ஊறவெச்ச பேரீச்சம்பழம் ரெண்டு, அதுவும் இவர் வற்புறுத்தினா."

இரண்டு பேரீச்சம்பழத்தில் இவளுக்குப் பதினொன்று நிற்கிறது. நான் ஆட்டு மந்தையில் பாதியை விழுங்கியிருக்கிறேன், எனக்கு எட்டு. அத்தனையும் எங்கே போனது என்று என் உடம்பிடமே எனக்குக் கோபம் வந்தது. டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ரத்தம் எலும்புக்குள்ளே ஊறுகிறதாம். இந்த மருந்து நோயை அடிக்கும்போது அந்த இடத்தையும் சேர்த்து அமுக்கிவிடுமாம். சாப்பாடு மட்டும் போட்டு அதைத் தூக்கிவிட முடியாதாம். ஒரு உடம்பு தாங்கும், ஒரு உடம்பு தாங்காதாம். "உங்க தப்பு ஒண்ணும் இல்லைம்மா" என்றார். தப்பு இல்லை என்று சொன்னதால் எனக்கு ஆறுதல் வரவில்லை. அவள் உடம்பு தாங்குகிறது, என்னுடையது தாங்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம். மூட்டை மூட்டையாக அரிசி ஊறப்போட்டுக் கழுவி அரைத்த உடம்பு இது. அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கியிருப்பாளா என்று சந்தேகம்.

அன்றைக்கு யோசித்துவிட்டு மருந்தை ஏற்றத்தான் செய்தார்கள். ஆனால் இன்னும் இறங்கினால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். "சுஸ்து இருக்கா அஜ்ஜி? மூச்சு வாங்குதா?" என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். சுஸ்து என்றால் கன்னடத்தில் களைப்பு. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பேன். வீட்டில் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவேன். காதுக்குள் கிரைண்டர் ஓடுவது போல ஒரு சத்தம் ஓயாமல் கேட்கும். மாவுக் குண்டானைத் தூக்கினால் கண் இருட்டும். யாராவது பார்த்தால் வெயில் என்று சொல்லிவிடுவேன், பெங்களூரில் மழை தூறிக்கொண்டிருந்தாலும். ஆனால் அந்த நீள அறைக்குள் நுழையும்போது நிமிர்ந்து நடப்பேன். மகன் கையைக்கூடப் பிடிக்க மாட்டேன். அவள் புருஷன் தோளில் சாய்ந்து வருகிறவள். நான் தனியாக நடந்து வருகிறவள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

என்னிடம் இருப்பதில் அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. அவள் மகனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை, ஒயிட்ஃபீல்டில் ஃப்ளாட். ஆனால் கீமோவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

"உன் பையன் வரலியா இன்னிக்கும்?" என்று கேட்பேன்.

"மீட்டிங் அக்கா. மத்தியானம் போன் பண்ணுவான்."

என் மகனோ, எனக்கு நோய் என்று தெரிந்த வாரமே சிவாஜிநகரில் ஒரு கடைக்குப் போய் வலது முழங்கைக்குக் கீழே அம்மா என்று பெரிதாக டாட்டூ குத்திக்கொண்டு வந்தான். இது எதற்குடா என்று வீட்டில் திட்டினேன். ஆஸ்பத்திரியில் அவன் சட்டைக் கையை நானே சுருட்டி அவளுக்குக் காட்டினேன். அவள் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். ரொம்ப நாளைக்கு அதை நினைத்துக்கொண்டேன்.

நான்காவது தடவை எனக்கு ஏழு வந்தது.

டாக்டரே நாற்காலிக்கு வந்தார். "இன்னிக்கு மருந்து வேணாம். முதல்ல ரத்தம் ஏத்தணும். இன்னிக்கு ஏத்தினா நாளைக்கே மருந்து போடலாம். ஒரு நாள்தான் தள்ளும்" என்றார். பக்கத்தில் அவளுக்கு மருந்து மாட்டியாகிவிட்டது. அவளுக்கு அன்றைக்குப் பத்து. "ஒண்ணு கொறைஞ்சிடுச்சு" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள், என் காதில் விழுகிற மாதிரி.

நர்ஸ் வந்து, "ரத்த பாங்க்ல ஸ்டாக் கம்மி இருக்கு அஜ்ஜி. உங்க சைட்ல இருந்து யாராவது ஒருத்தர் குடுத்தா நல்லது. இல்லன்னாலும் பாக்கலாம்" என்றாள்.

"இல்லன்னாலும்ங்கற பேச்சே வேணாம். சும்மா வாங்கற பழக்கம் எனக்கு இல்ல. என் புள்ள குடுப்பான்" என்றேன். அறை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். மகனைப் பார்த்து, "போடா கீழ" என்றேன்.

போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இன்னாடா, அதுக்குள்ள எடுத்துட்டாங்களா?"

"எடுக்க மாட்டேங்கறாங்கம்மா."

"ஏன், சுகரா உனக்கு?"

"இல்ல. இதப் பாத்துட்டாங்க." சட்டைக் கையைத் தூக்கினான். அம்மா என்று இருந்தது. "டாட்டூ குத்தினா ஒரு வருஷத்துக்கு ரத்தம் எடுக்க மாட்டாங்களாம். ஊசி எந்த ஊசியோ, யாருக்குப் போட்டதோன்னு."

"நீ ஏன்டா அதைக் காட்டினே?"

"கைலதானம்மா எடுப்பாங்க. கால்லயா எடுப்பாங்க?"

மல்லேஸ்வரத்துக்காரியின் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரஞ்சுத் தோலைப் போடுவது போலக் குனிந்துகொண்டார். நான் மகனுடைய கையைப் பார்த்தேன். என் மேல் இருந்த பிரியத்தில் குத்தியதுதான். திட்டவும் முடியவில்லை.

"ஸ்டாண்டுல பசங்க இருக்காங்கம்மா. எல்லாரும் ஏர்போர்ட் டிரிப்ல இருக்கானுங்க. சாயங்காலம் ஒருத்தனக் கூட்டிட்டு வரேன்" என்றான்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "எதுக்கு சாயங்காலம் வரைக்கும்? என் பையன் இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கான். கீழ கார்லதான் இருக்கான். அவன் குடுப்பான்."

அத்தனை நாள் வராதவன் அன்றைக்குத்தானா வர வேண்டும்.

"வேணாம்மா" என்றேன். அதுவரை அவளிடம் வராத மரியாதை அப்போது வந்தது.

"இதுல என்ன அக்கா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள்.

வந்தான். உயரமான பையன், சுத்தமான கை, நெற்றியில் சின்னதாக விபூதி. "வணக்கம் ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க" என்றான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. என் மகனே அவனுக்கு வழி காட்டிக்கொண்டு கீழே போனான். திரும்பி வரும்போது அவன் முழங்கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு வந்தான். அவனுக்குக் கொடுத்த ஜூஸ் பாக்கெட்டை என் மகன் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான், சார் சார் என்று பேசிக்கொண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் அவளுக்கு மருந்து முடிந்து மூன்று பேருமாக வீட்டுக்குக் கிளம்பினார்கள். என் தோளைத் தட்டி, "தைரியமா ஏத்திக்கங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரிய மனசுக்காரி.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் என்னைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். ரத்தப் பையும் வந்தது. கருஞ்சிவப்பாக, மாவுப் பாக்கெட் அளவுக்கு இருந்தது. இரண்டு நர்ஸுகள் சேர்ந்து என் பெயரையும் நம்பரையும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார்கள். ஒருத்தி ஊசிக்காக என் கையைக் கேட்டாள். நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்" என்றேன்.

"பயமா அஜ்ஜி?"

"பயம் இன்னா பயம். அந்த ரத்தம் எனக்கு வேணாம். என் பையனோட ஸ்டாண்டு ஆளு சாயங்காலம் வருவான். அதை ஏத்து."

மகன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அம்மா, இன்னிக்கு ஏத்தலன்னா நாளைக்கு மருந்து கிடையாது. டாக்டரு சொன்னாரு இல்ல?"

எனக்கும் தெரியும். மருந்து தள்ளிப்போகும், நோய்க்கு நேரம் கிடைக்கும். ஆனால் அவள் மகனுடைய ரத்தம் என் உடம்பில் ஓட ஆரம்பித்துவிட்டால், பிறகு நான் எப்படி அந்த அறைக்குள் நிமிர்ந்து நடப்பேன்? ஒவ்வொரு தடவை மாடி ஏறும்போதும் அவள் தயவில் ஏறுகிறேன் என்று தோன்றுமே. பத்து அவளிடம் இருக்கிறது, புருஷன் இருக்கிறார், போதாததற்கு என் நாடிக்குள்ளும் அவளே வந்து உட்கார வேண்டுமா?

இதையெல்லாம் சொல்லவில்லை. "அவங்க பையன் ரத்தம் எனக்கு வேணாம்" என்று மட்டும் சொன்னேன்.

நர்ஸ் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தே விட்டாள். "யாரு சொன்னது இது அவரு ரத்தம்னு? இப்ப எடுத்தத இப்பவே தூக்கிட்டு வந்து ஏத்திடுவோமா? அது இன்னும் டெஸ்டுக்கே போயிருக்காது. அதுவும் இல்லாம அவரு குரூப்பே வேற அஜ்ஜி. அத உங்களுக்கு ஏத்தினா உங்க உயிருக்கே ஆபத்து."

"அப்ப அவன் குடுத்தது?"

"அது வேற யாருக்காவது போகும். அவரு ஒண்ணு வெச்சாரு, நாங்க ஒண்ணு எடுத்துக் குடுக்கறோம். அவ்ளோதான்."

"அப்ப இது யாருது?"

"யாருக்கு கொத்து? யாருக்குத் தெரியும்? யாரோ ஒரு புண்ணியவான் எப்பவோ வந்து குடுத்தது."

நான் கையை வெளியே நீட்டினேன்.

மகனுக்கு என் கணக்கு விளங்கவே இல்லை. "யாருன்னே தெரியாதவனோடது பரவாயில்லையா உனக்கு?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். முகம் தெரியாதவனிடம் வாங்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. அவன் ஆட்டோ ஓட்டுகிறவனோ, காலேஜ் பிள்ளையோ, யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து என்னை அக்கா என்று கூப்பிட மாட்டான். பை சொட்டுச் சொட்டாக இறங்குகிற வரைக்கும் அந்த ஆளை நான் வாழ்த்திக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். மறுநாள் காலையில் காதுக்குள் ஓடிய சத்தம் அடங்கியிருந்தது. இவ்வளவு நாள் இந்த ரத்தம் இல்லாமல்தானா நடமாடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "நேத்து வரைக்கும் உதடு வெள்ளையா இருந்துச்சு அத்தை" என்றாள் மருமகள். இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், என் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை. அன்றைக்கு எட்டரை வந்தது. மருந்து ஏற்றினார்கள். பக்கத்து நாற்காலி காலி. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாவது தடவை என் நாளும் அவள் நாளும் ஒரு நாள் மாறியிருக்க வேண்டும். ஆனால் நான் போனபோது அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர்கிட்ட சொல்லி என் நாளை ஒண்ணு தள்ளிக்கிட்டேன் அக்கா. தனியா உக்காந்தா நேரமே போகாது" என்றாள். மெலிந்திருந்தாள். இடையில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாளாம். ஆனாலும் பேச்சு குறையவில்லை. எதிரே புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவங்களுக்கு என் பையன் ரத்தம்தான் ஏத்தியிருக்கு. பாருங்க, முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு. இப்ப நாங்க ரத்த சொந்தம் ஆயிட்டோம்" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் பையனுடைய குரூப்பே வேறு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் காகிதங்கள் வந்துவிட்டன. எனக்கு ஒன்பது. அவளுக்கு ஏழு.

"மாறிப்போயிருக்கும் சிஸ்டர். இது அவங்களோடது. என்னுது எப்பவும் பத்துக்குக் கீழ வராது" என்றாள்.

நர்ஸ் பெயரைப் படித்துக் காட்டினாள். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். டாக்டர் வந்து எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார், முதலில் ரத்தம், நாளைக்கு மருந்து. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுவரொட்டி தின்று தின்று வராத சந்தோஷம் அந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் வந்தது.

"உங்க பையனக் கூப்பிடுங்க மேடம், ஒருத்தரு குடுத்தா நல்லது" என்றாள் நர்ஸ்.

கணவர் மெதுவாகச் சொன்னார். "அவன் போன தடவைதானே குடுத்தான். ஒரு தடவை குடுத்தா மூணு மாசம் குடுக்கக் கூடாதாமே. எனக்கு வயசு தாண்டிடுச்சு, சுகர் வேற."

 அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை, என் கையை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் உடம்பை. இத்தனை மாதம் நான் அவளை எப்படிப் பார்த்தேனோ அதே பார்வை. எனக்குத் தெரியாததா அது.

"என் பையன் ரத்தம் உங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சு" என்றாள். "பெத்தவளுக்குக் குடுக்கத்தான் இல்லாம போச்சு."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் மகன் ரத்தம் என்னிடம் இல்லை, எனக்கு வந்தது யாருடையதோ, உனக்கும் அப்படி ஒன்று வரும், இதில் இழந்தது ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒருத்தி, அதுவும் அவள், ஏங்குகிறாள். கொஞ்ச நேரம் ஏங்கட்டும் என்று தோன்றியது.

ஆனால் அவளுக்கும் மருந்து தள்ளிப்போகக் கூடாது. அதுவும் எனக்குத் தெரியும். மகனைக் கூப்பிட்டேன். "ஸ்டாண்டுல இன்னிக்கு யாருடா இருக்கான்? டாட்டூ இல்லாதவனாப் பாத்து வரச் சொல்லு."

"வேணாம் அக்கா, எதுக்கு சிரமம்" என்றாள்.

"இதுல இன்னா இருக்கு" என்றேன். அந்த வார்த்தை நாக்கில் சர்க்கரையாகத்தான் இருந்தது.

இரண்டு பேர் யூனிஃபார்ம் சட்டையோடு வந்தார்கள். ஒருவன் முன்தினம் குடித்திருந்தானாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவன் கொடுத்துவிட்டு, மேலே வந்து அவளிடம் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு டிரிப்புக்கு ஓடினான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என்னையும் கும்பிட்டாள். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை.

எனக்கு மருந்து மாட்டினார்கள். அவளை எதிர்ச் சுவர் ஓரமாகக் கட்டிலுக்கு மாற்றினார்கள். பை வந்தபோது அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"எப்படி அக்கா இருக்கும், ஏத்தும்போது?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஒண்ணும் தெரியாது. கை மட்டும் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்."

"எவ்ளோ நேரம்?"

"பை முடியற வரைக்கும்."

அவள் கணவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். ஊசி குத்தியிருந்த அவள் கையை, குழாய் நசுங்காமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மெதுவாக வைத்துக்கொண்டார். ஆரஞ்சு, செய்தித்தாள் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டார். அவள் தூங்கியபிறகும் விடவில்லை. நர்ஸ் வந்து டெம்பரேச்சர் பார்க்கும்போது மட்டும் ஒரு கையை எடுத்து வழிவிட்டார், மறுபடி வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது, அவளுக்கு ஏழு. நான் மருந்து நாற்காலியில், அவள் கட்டிலில். அந்தப் பை முடிய ரொம்ப நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சாப்பிடப் போயிருந்த என் மகன் வந்து, "இன்னாம்மா, எதாச்சும் வேணுமா?" என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.